இருபதாயிரத்து நானூற்று எண்பது வரிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. எங்கள் கம்பெனி பஸ் ஏழு பத்துக்குக் கும்மிடிப்பூண்டி பஜார் முனையில் வந்து நிற்கும் என்பதால் நேரம் துல்லியமாக நினைவிருக்கிறது. நான் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் டைரியை நீட்டி, "ம்மா, இங்க ஒரு சைன்" என்றாள். எங்கே என்று மட்டும் பார்த்தேன். எதற்கு என்று பார்க்கவில்லை. டைரியைச் சுவரில் அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். நீட்டிய அவள் மணிக்கட்டில் இரண்டு சின்னக் கொப்புளங்கள் இருந்தன. அவற்றையும் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு என் கணவர் பார்த்துவிட்டார். அவர் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தப் பராமரிப்பு வேலை செய்கிறார். அந்த வாரம் அவருக்கு மதிய ஷிப்ட். நான் கம்பெனிக்குள் போய் லேப் கோட்டை மாட்டும்போது போன் வந்தது. "அம்மை போட்டுக்கீதுமே. வயித்துல, முதுகுல, எல்லா எடத்துலயும். வரும்போது வேப்பில ஒடிச்சினு வா."

நான் வேதியியல் படித்தவள். இரும்புக் கம்பி ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். அம்மை ஒரு கிருமியால் வருவது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று மாலை வாசலில் வேப்பிலை செருகியது நான்தான். டாக்டரிடம் போகவில்லை. எங்கள் பக்கத்தில் அம்மைக்கு யாரும் போவதில்லை. வகுப்பாசிரியைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னோம். "தலைக்குத் தண்ணி ஊத்தினதும் அனுப்புங்க" என்று அவரும் சொல்லிவிட்டார். வீட்டில் தாளிப்பு நின்றது, டிவி நின்றது. புத்தகம் படித்தால் கண்ணில் இறங்கிவிடும் என்று கணவர் அவளுடைய பையைத் தூக்கிப் பரணில் வைத்தார். அதற்குள்தான் டைரி இருந்தது.

பதின்மூன்று நாள் கழித்து, மூன்று தண்ணீரும் ஊற்றிய மறுநாள் திங்கட்கிழமை, அவள் பள்ளிக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ம்மா, எண்பத்தோராயிரத்து தொள்ளாயிரத்து இருபது தடவ எழுதணும்."

"எதை?"

பரணிலிருந்து இறங்கிய டைரியை அப்போதுதான் படித்தேன். சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'இம்போசிஷன் 10 முறை. மறுநாள் காலை சமர்ப்பிக்க வேண்டும். தாமதமானால் நாள்தோறும் இருமடங்கு. முடிக்காதவர் காலாண்டுக் கணக்குத் தேர்வு எழுத இயலாது.' கீழே என் கையெழுத்து. சுவர் சொரசொரப்பாக இருந்ததால் கொஞ்சம் நடுங்கினாற்போல் விழுந்திருந்தது.

காலாண்டுக் கணக்குத் தேர்வு அந்த வெள்ளிக்கிழமை.

இம்போசிஷன் வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். அம்மைக்கு முந்தைய நாள் வகுப்பில் ஒரு சின்னத் தேர்வு. எட்டு சதவீதக் கூட்டு வட்டியில் போட்ட பணம் எத்தனை ஆண்டுகளில் இருமடங்காகும் என்பது கேள்வி. அதாவது 1.08-ஐ எத்தனை தடவை பெருக்கினால் 2 வரும். இரண்டு பக்கமும் லாக் எடுத்து, லாக் 2-ஐ லாக் 1.08-ஆல் வகுத்தால் ஒன்பது ஆண்டு என்று விடை வந்துவிடும். என் மகள் லாக் எடுத்தது வரைக்கும் சரி. அப்புறம் 1.08 என்பதை 1 + 0.08 என்று எழுதி, லாக்கை இரண்டுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். லாக் 1 பூஜ்யம். லாக் 0.08 ஒரு குறை எண். வகுத்ததில் விடை மைனஸ் 0.27 ஆண்டு என்று வந்தது. அதைக் கட்டம் போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தாள்.

அதாவது பணத்தை வங்கியில் போடுவதற்கு நூறு நாள் முன்பே அது இருமடங்காகிவிடும்.

பக்கத்தில் கணக்கு சார் எழுதியிருந்தார்: 'இந்த வங்கியின் முகவரி தேவை.'

"அதான் நானும் கேக்கறேன், எங்கமே கீது அந்த பேங்க்கு?" என்றார் கணவர்.

"நைனா, நீ வேற" என்று அழ ஆரம்பித்தாள்.

எழுத வேண்டிய வரி இது: log (a + b) ≠ log a + log b. கூட்டலுக்கு வெளியே நிற்கும் லாக்கை உள்ளே இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். நடுவில் இருப்பது சமக்குறி. அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோடுதான் 'சமம் இல்லை' என்று சொல்கிறது. பத்து வரிதானே, பள்ளிக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்; அதற்குள் அம்மை வந்துவிட்டது.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது நான் கணக்குப் போட உட்கார்ந்தேன். ஆய்வுக்கூடத்தில் தினமும் பார்க்கும் பிஎச் அளவே ஒரு லாக் தான். ஆனாலும் கல்லூரியை விட்ட பிறகு ஒரு லாக் சமன்பாட்டையும் நான் கையால் தீர்த்ததில்லை. ஒரு நிமிடத்துக்கு எட்டு வரி எழுதலாம் என்று கடிகாரத்தை வைத்து அவளை எழுதச் சொல்லிப் பார்த்தேன். பள்ளி நேரம் போக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் எழுத முடியும். ஆக, ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து நானூறு. பத்தை இரண்டிரண்டாகப் பெருக்கிக்கொண்டே போனால் எந்த நாளில் இரண்டாயிரத்து நானூறைத் தாண்டும்? அதாவது இரண்டின் எந்த அடுக்கு இருநூற்று நாற்பது? லாக் 240-ஐ லாக் 2-ஆல் வகுத்தேன். 7.9 வந்தது.

"எட்டாவது நாள்!" என்று கத்தினேன். "எட்டாவது நாளுக்குள்ள ஆரம்பிச்சிருந்தா ஒரே நாள்ல எழுதி முடிச்சிருக்கலாம்!"

எட்டாவது நாள் புதன்கிழமை. அன்றைக்குத்தான் முதல் தண்ணீர் ஊற்றினோம்.

"போன பஸ்ஸுக்கு டைம் பாத்துக்கினு கீற" என்றார் கணவர்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் பயம் வரும்போது என் மூளை இப்படித்தான் ஓடும். நாற்பதாவது நாள் வரைக்கும் விட்டால் எவ்வளவு ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். பதினொரு லட்சம் கோடி வரி வந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பர்மிஷன் போட்டுவிட்டு நானும் கணவரும் பள்ளிக்குப் போனோம். கணக்கு சாருக்கு முப்பது வயதுக்குமேல் இருக்காது. கொடுமைக்காரர் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். எழுந்து நின்று நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். பிள்ளைக்குத் தழும்பு ஏதும் நின்றுவிட்டதா என்று விசாரித்தார். அப்புறம் உட்கார்ந்து, "எண்பத்தோராயிரத்து தொள்ளாயிரத்து இருபது. இன்னிக்குக் கணக்குல பாத்தா அதுவும் டபுள்" என்றார்.

"சார், கொழந்தைக்கு அம்மை."

"தெரியும் மேடம். மெடிக்கல் சர்டிபிகேட் இருந்தா அந்த நாளை எல்லாம் கழிச்சிடலாம்."

"அம்மைக்கு யாரு சார் டாக்டர்கிட்ட போறாங்க?"

"எங்க வீட்லயும் போக மாட்டாங்க" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா ரூல் ரூல்தானே மேடம். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அத கொஞ்சம் கொறைக்கக் கூடாதா சார்?"

"நான் கூட்டலையே மேடம், அதுவா கூடுது. எக்ஸ்பொனென்ஷியல். இனிமே நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது." அவர் முகத்தில் மெய்யான வருத்தம் இருந்தது. ஒரு காட்டு விலங்கைத் தெரியாமல் அவிழ்த்து விட்டவர் போல இருந்தார். "மூணு செக்ஷனுக்கும் இதே ரூல்தான். யாரும் ரெண்டு நாளைத் தாண்டினதில்ல. நாப்பதுக்கு மேல நான் பாத்ததே இல்ல."

அதுவரை சும்மா இருந்த என் கணவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "சார், ஞாயித்துக்கெழமயும் சேத்துக்கினீங்களா?"

"பேங்க்ல ஞாயித்துக்கிழமைக்கும் வட்டி ஓடும் சார்."

"ஓடட்டும் சார். ஆனா ஞாயித்துக்கெழம எம்பொண்ணு எழுதி எட்த்தாந்தா வாங்கறதுக்கு நீங்க இங்க குந்திக்கினு இருப்பீங்களா? வாங்க ஆளே இல்லாத நாளுக்கு இன்னா சார் ஃபைன்?"

சார் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பேனாவை எடுத்து, தன் கணக்குத் தாளில் இரண்டின் தலைமேல் அடுக்காக இருந்த பதின்மூன்றை அடித்துப் பதினொன்று என்று எழுதினார். பத்தால் பெருக்கினார். இருபதாயிரத்து நானூற்று எண்பது. ஒரே வாக்கியத்தில் என் கணவர் அறுபத்தோராயிரத்துச் சொச்சம் வரியைத் தள்ளுபடி வாங்கிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவருடைய நடையே வேறாக இருந்தது.

"திங்கட்கிழமையோட நிறுத்திக்கிறேன்" என்றார் சார். "வியாழக்கிழமை காலையில மொத்தமும் வரணும். எண்ணிப் பாப்பேன்."

அன்று மாலை நான்கு குயர் தாள் வாங்கினோம். மகள் எனக்கு அவளுடைய கையெழுத்தைப் பழக்கினாள். "உன் பி நிக்குதும்மா, என் பி சாயும்" என்று என் தாளைப் பிடுங்கித் திருத்தினாள். இரண்டு மணி நேரத்தில் என் பி-யும் சாய்ந்தது. மறுநாள் காலை கணவர் வேலைக்குப் போகும்போது ஒரு வரியை எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருடைய குழுவில் ஆறு பேர். சாப்பாட்டு நேரத்திலும் டீ நேரத்திலும் ஆளுக்கு ஆயிரம் எழுதினால் ஆறாயிரம் ஆகும் என்று கிளம்பிப் போனார்.

புதன்கிழமை முழுவதும் நான் ஆய்வுக்கூடத்தில், கம்பியின் மாதிரி உலையில் இருக்கும் இடைவெளிகளில் எழுதினேன். மேலாளர் தோள்மேல் எட்டிப் பார்த்து, "ஆடிட்டா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மகளைக் கணக்கு வகுப்பில் உட்கார விடாததால் அவள் வராந்தாவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அவள் தோழிகள் ஜன்னல் வழியாக எண்ணிக்கை சொல்லியிருக்கிறார்கள்.

மாலை ஐந்து மணிக்குக் கணவர் ரயிலிலிருந்து இறங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஆறாயிரம் வரி, வாக்குத் தவறாமல். பிரித்தேன். ஒவ்வொரு தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள். தலைப்பில் பிள்ளையார் சுழி. ஒருவருடைய தாள்களில் மட்டும் அந்த இடத்தில் சிலுவை.

"இது என்னங்க?"

செருப்பைக் கழற்றாமலே நின்றார். "அது... அவனுங்க கேட்டானுங்க, இன்னா தலைவா இது, கொயந்தைக்கு அம்மை எறங்கனதுக்கு வேண்டுதலா, இத்தினி தடவ எழுதறதுக்குன்னு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

"சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொன்னா எவன் எழுதுவான்? கணக்குன்னா ஓடிட மாட்டானுங்களா? வேண்டுதல்னதும் கை கால் கழுவிக்கினு குந்திட்டானுங்கமே. ஒருத்தன் வாயால சொல்லிக்கினே எழுதனான். லாக் ஏ பிளஸ் பி, லாக் ஏ பிளஸ் பின்னு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி."

மகள் ஒரு தாளை எடுத்து விளக்கின் பக்கம் பிடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அவள் முகம் மாறியது.

"நைனா, குறுக்குக் கோடு எங்க?"

ஆறாயிரம் வரியிலும் சமக்குறி சுத்தமாக, கோடு எதுவும் இல்லாமல் இருந்தது. log (a + b) = log a + log b. அவள் செய்த அதே தப்பை, அவளைத் திருத்த வேண்டிய தாளில், ஆறு பேர் கை கால் கழுவிவிட்டு ஆறாயிரம் தடவை எழுதியிருந்தார்கள்.

"அதுவா?" என்றார் கணவர். "அத பாத்துட்டு, பொண்ணு தப்பா எழுதி அடிச்சிக்கீதுன்னு நெனச்சிக்கினானுங்க. வேண்டுதல்ல அடிச்சி எழுதக் கூடாது இல்ல? அதான் நல்லபடியா எழுதிக் குட்த்தானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. மகள் என் கையில் ஒரு பேனாவைத் திணித்தாள். "ம்மா, ஒரு கோடுதானே, போட்டுக்கலாம். நீ பாதி, நான் பாதி." கணவரிடமும் ஒரு பேனாவை நீட்டினாள்.

அவர் பின்வாங்கினார். "நான் அடிக்க மாட்டேன் கண்ணு. அம்மன் இப்பதான் ஊட்ட வுட்டுப் போய்க்கீது. மஞ்ச வெச்சதுமேல கோடு போடச் சொல்றியா?"

"நைனா, கோடு போடாட்டி அது தப்பு!"

"போடாட்டி உனுக்குத் தப்பு. போட்டா எனுக்குத் தப்பு."

அவர் கோடு போடவில்லை. ஆனால் சுவர் ஓரமாக உட்கார்ந்து நாங்கள் கோடு போட்ட தாள்களை எண்ணி அடுக்கினார். அடுக்கும்போது ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். சின்னச் சின்னக் கோடுகள்தான். மணிக்கட்டு வீங்கியது. நாலாயிரமாவது கோட்டில் எனக்குச் சமக்குறியே ஒரு குற்றம் மாதிரி தெரிய ஆரம்பித்தது.

வியாழக்கிழமை காலை கூட்டிப் பார்த்தோம். மகள் ஐயாயிரத்து நூறு. நான் நாலாயிரத்து முன்னூறு. கணவர் ஆயிரத்து அறுநூறு. அவருடைய பி கடைசிவரை நிமிர்ந்தே நின்றது. அத்திப்பட்டு ஆறாயிரம். மொத்தம் பதினேழாயிரம். மூவாயிரத்து நானூற்று எண்பது குறைந்தது.

"எண்ணவா போறாரு?" என்றார் கணவர்.

"எண்ணுவாரு நைனா. எங்க சார் எண்ணுவாரு" என்றாள் மகள்.

தாள்களைக் கட்டைப் பையில் போட்டு என் கணவரே கொண்டுபோய்க் கொடுத்தார். சார் பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணிட்டுச் சொல்றேன் சார். நான் சொல்ற வரைக்கும் பரீட்சைக்கு அனுப்பாதீங்க" என்றாராம். குறைவதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லத்தான் போனாராம், அதற்குள் மணி அடித்துவிட்டதாம்.

அன்று முழுவதும் போன் வரவில்லை. என் மகள் காலாண்டுக்குப் படித்தாள். கூட்டு வட்டிக் கணக்கை என்னிடம் மறுபடி போட்டுக் காட்டினாள். ஒன்பது ஆண்டு. லாக்கைப் பிரிக்கவில்லை. விடையைச் சுற்றிக் கட்டம் போடும்போது மட்டும் கை தயங்கியது. "இது வந்தா எழுதிடுவேன்மா," என்றாள். "உள்ள வுட்டா."

வெள்ளிக்கிழமை நான் கம்பெனிக்குப் போகவில்லை. பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போவது கேட்டது. எட்டு மணிக்கு மகள் சீருடை போட்டு, இரட்டை ஜடை போட்டு, பேனா இரண்டை எடுத்துவைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தேர்வு ஒன்பதரைக்கு. இட்லியைத் தொடவில்லை. கணவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒருவர் நொடிக்கு ஒரு வரி எண்ணினால் பதினேழாயிரத்துக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகாது. அவருக்கு ஒரு முழு நாள் இருந்திருக்கிறது. எப்போதோ எண்ணி முடித்திருப்பார். குறைவது தெரிந்திருக்கும். எல்லாக் கணக்கும் சரியாகத்தான் வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

எட்டு நாற்பதுக்கு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கணக்கு சார். டேங்க் மேல் எங்கள் கட்டைப் பை. கண்கள் சிவந்திருந்தன. நெற்றியில் பேனா மை. உள்ளே வாருங்கள் என்றேன். அவர் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, என்னைப் பார்க்காமல் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பாப்பாவ பரீட்சைக்கு அனுப்புங்க மேடம். நேத்து சாயங்காலம் பன்னெண்டாயிரத்து நூறுல நிறுத்தினேன், இன்னும் எண்ணி முடிக்கல. எண்ணி முடிச்சிட்டேன்னா வேற மாதிரி சொல்ல வேண்டி வரும். அதுக்குள்ள அனுப்பிடுங்க."